ஊசி போட்ட தோளுக்கு யார் பொறுப்பு?

திருமுருகன்பூண்டியில் கல் செதுக்கும் சிற்பிக்கும், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டும் பெண்ணுக்கும் தோள்தான் சோறு போடுகிறது. தடுப்பூசியைத் தோள் முனையை ஒட்டி, மேலே ஏற்றிப் போட்டுவிட்டால் மருந்து தசைக்குள் இறங்காமல் மூட்டருகே உள்ள சவ்வுப் பையில் போய்ச் சேரலாம். இரண்டு நாளுக்குள் தொடங்கும் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். கையைத் தூக்க முடியாது.

அமெரிக்கா 2017-இல் இந்தக் காயத்தைத் தன் தடுப்பூசி இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனுச் செய்யலாம். பணம் வருவது தடுப்பூசிகள் மீது வசூலிக்கும் வரியிலிருந்து.

இங்கே?

கொரோனா தடுப்பூசிக்குப் பின் இறந்த இரு இளம்பெண்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன பதில்: இழப்பீடு கேட்க சிவில் நீதிமன்றம் போகலாம். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் எத்தனை வாய்தாவுக்குத்தான் வேலையை விட்டுப் போவார்? இது நியாயமே இல்லை.

காசு வாங்கிய தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு அந்த வழி இல்லை என்பது 1995-ஆம் ஆண்டு தீர்ப்பு. ஆனால் இ.எஸ்.ஐ. மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பனியன் தொழிலாளிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள். வலி நின்றபாடில்லை என்றால் ஊசிச் சீட்டு, மருத்துவர் குறிப்பு, ஸ்கேன் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டே ஆண்டு.