செய்தவர்: தெரியவில்லை

யாவ் மக்களின் சடங்கு ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் கடவுள்களைத்தான் பார்ப்பார்கள். நான் பெயர்களைத் தேடுவேன். அது தொழில் கொடுத்த பழக்கம். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. என்ன பொருள், எந்த ஊர், எந்தக் காலம், செய்தவர் யார் என்று அதில் கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்புவதுதான் என் வேலை.

யாவ் மக்கள் தென்சீனாவின் மலைவாசிகள். ஹூனான், குவாங்சி, குவாங்டோங், யுன்னான் பகுதிகளிலிருந்து நூற்றாண்டுக்கணக்கில் தெற்கே நகர்ந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளிலும் குடியேறியவர்கள். அவர்களில் ஒரு பிரிவினர் இயூ மியேன். மலையை எரித்துப் பயிர் செய்து, மண் சோர்ந்ததும் இடம் மாறுகிற வாழ்க்கை. அதனால் அவர்களுடைய கோயிலும் சுருட்டி எடுத்துப்போகக் கூடியதாக இருந்தது. தாவோ மதத்தைச் சீனர்களிடமிருந்து ஏற்றுத் தங்கள் முன்னோர் வழிபாட்டோடு கலந்துகொண்ட இவர்கள், தெய்வங்களைக் காகிதச் சுருள்களில் வரையச் செய்து வைத்துக்கொண்டார்கள்.

ஒரு முழுத் தொகுப்பில் 15-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கும். மூன்று தூயவர்கள் எனப்படும் உயர்ந்த கடவுள்கள் நடுவில். அவர்களைச் சுற்றி ஜேட் பேரரசர், படைத்தலைவர்கள், நரகத்தின் பத்து அரசர்கள். இவை போக, தெய்வங்கள் வரிசையாகப் பூமிக்கு இறங்கி வருகிற பாலமாக ஒரு நீண்ட கிடைச்சுருள். வீட்டில் அலங்காரமாக இவற்றை மாட்டுவதில்லை. ஆண்களுக்குத் தீட்சை கொடுக்கும்போதும் பெரிய மரணச் சடங்குகளின்போதும் மட்டும் விரித்துத் தொங்கவிடுவார்கள். முடிந்ததும் சுருட்டி வைத்துவிடுவார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து இது.

வரைகிற காலத்தில் ஓவியர் விரதம் இருக்க வேண்டும், பெண்ணைச் சேரக் கூடாது. விரதம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வீட்டுப் பெண்களின் வேலை எவ்வளவு கூடும் என்று நமக்குத் தெரியும். வரைந்து முடித்தால் மட்டும் படம் தெய்வமாகிவிடாது. பூசாரி கண் திறந்து, தெய்வத்தை அதற்குள் அழைக்க வேண்டும். படம் பழசாகி விலக்க வேண்டி வந்தால் அதே முறையில் தெய்வத்தை வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அது வெறும் காகிதம்.

இந்த ஓவியங்களில் எழுத்தும் இருக்கும். வரையச் சொன்ன வீட்டுத் தலைவரின் பெயர், ஓவியரின் பெயர், சீனப் பேரரசரின் ஆட்சி ஆண்டைக் கொண்டு ஒரு தேதி. பெருமைக்காக எழுதியதல்ல இது. புண்ணியம் யார் கணக்கில் சேர வேண்டும் என்று தெய்வங்களுக்குக் கொடுத்த முகவரி. அதனால்தான் அதில் பெயர் இருப்பதும் இல்லாததும் முக்கியமாகிறது. சடங்கு மொழி சீனம். அந்த எழுத்தைப் பையன்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தன் வீட்டுச் சுவரில் தொங்குகிற கடவுளின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பது பெரும்பாலான பெண்களுக்குப் படிக்கத் தெரியாது.

மனைவி அதில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மியேன் வழக்கில் கணவன் தீட்சை பெறும்போது மனைவியும் அவனோடு சேர்ந்து அந்தத் தகுதியைப் பெறுகிறாள், இறந்த பிறகும் அந்த நிலை அவளுக்கு உண்டு. பெண்ணுக்கு மோட்சமே இல்லை என்று சாதித்த மதங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய விஷயமல்ல. ஆனால் அவள் தனியாக அதைப் பெற வழியில்லை, பூசாரியாகவும் முடியாது. சடங்கு எழுத்துகளில் அவள் இடம்பெறும்போதும் பிறந்த குலத்தின் பெயரால்தான் குறிக்கப்படுகிறாள். இன்ன குலத்துப் பெண், அவ்வளவுதான். அவளை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது தெய்வத்துக்கும் தெரிய வேண்டியதில்லை.

நான் இருந்த பிரிவுக்கு ஓவியங்களோடு ஒரு பெண்ணின் கால்சட்டையும் வந்திருந்தது. அவுரிச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. இடுப்புக்குக் கீழே ஒரு விரல் இடம்கூட விடாமல் பூவேலை. மியேன் பெண்கள் இதைத் துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். வடிவம் முன்பக்கத்தில் விழும், தைக்கிறவள் அதைப் பார்க்காமல் இழைகளை எண்ணியே கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் எங்கள் டீச்சர் முதலில் துணியைத் திருப்பி முடிச்சுகளைத்தான் பார்ப்பார். அந்த நினைப்பில் நானும் திருப்பினேன். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. சிறுமியாக இருக்கும்போதே பழகி, வயல் வேலைக்கும் பன்றிக்குத் தீனி வைப்பதற்கும் நடுவில் உட்கார்ந்து தைத்து, இப்படி ஒன்றை முடிக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

அதன் அட்டையில் 'செய்தவர்: தெரியவில்லை' என்று இருந்தது.

இந்தப் பொருள்கள் எப்போது, ஏன் வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். 1975-இல் லாவோஸில் ஆட்சி மாறியபின் ஏராளமான மியேன் குடும்பங்கள் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடின. பலர் பிறகு கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்குப் போனார்கள். அந்த ஆண்டுகளில் யாவ் ஓவியங்கள் தாய்லாந்துப் பழம்பொருள் கடைகளுக்கு நிறைய வந்தன. ஜாக் லெமுவானின் 'யாவ் சடங்கு ஓவியங்கள்' என்ற ஆங்கில நூல் 1982-இல் பாங்காக்கில் வெளிவந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கினார்கள். எங்களிடம் இருந்தவையும் அந்தப் பத்தாண்டில் வந்தவைதான்.

ஓவியங்கள் நூறு வருடத்துக்கு மேல் பழையவை. வரைந்தவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் அவர் பெயர் அட்டையில் இருக்கிறது. கால்சட்டை புதியது. அதைத் தைத்தவள் விற்பனை நடந்த அன்று உயிரோடு இருந்திருக்கலாம். அவளே கையில் எடுத்துக் கொடுத்திருக்கலாம். 'அம்மா, உன் பெயர் என்ன?' என்று கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

'தெரியவில்லை' என்பதை 'சேகரித்தவர் கேட்டுப் பதியவில்லை' என்று மாற்றலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். தவறென்று அவர் சொல்லவில்லை. கணினியில் அந்தக் கட்டத்துக்கு இரண்டே வழிகள்தான், பெயர் அல்லது 'தெரியவில்லை' என்றார். நான் சொன்னதை வேண்டுமானால் கடைசியில் உள்ள குறிப்புக் கட்டத்தில் போட்டுக்கொள்ளலாம், பார்வையாளர்களுக்கு அது தெரியாது என்றார். போட்டேன். வந்த ஆண்டையும் சேர்த்து எழுதினேன். இன்றைக்கு ஓக்லாந்திலோ சாக்ரமெண்டோவிலோ எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தி இந்தக் கால்சட்டையைப் பார்த்தால் யார் கை என்று சொல்லிவிடக்கூடும். அவளிடம் போய்க் கேட்பதற்கு, இது இன்னும் கேட்கப்படாத கேள்வி என்றாவது அட்டையில் இருக்க வேண்டும்.