முந்தைய ஓனரின் வலது கால்

பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வந்தால் போதும் என்று மைலேஜ் கேட்பவர்கள் முதல் வகை. இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் முப்பது வயதுக்குள். பையில் சம்பளம், தலையில் குதிரைகள். இவர்கள் தேடுவது டர்போ பெட்ரோல்.

காரணம் இருக்கிறது. வீணாக வெளியே போகும் புகையால் ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவைத்து, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடியால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ் இன்ஜினீயர் 1905-லேயே இதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார். நிறையக் காற்று, நிறையப் பெட்ரோல், நிறைய சக்தி. சாதாரண இன்ஜினில் பத்து குதிரை கூட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். டர்போவில், இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றினாலே முப்பது, நாற்பது கிடைக்கும்.

நண்பரின் மகன் பார்த்துவைத்திருந்தது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இந்தியாவுக்கு 2004-ல் வந்த கார். 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ, 150 குதிரை.

''ஐரோப்பாவுல இதே கார் 180 அங்கிள். நமக்கு அடக்கி அனுப்பிட்டாங்க. நான் அவுத்து விடப்போறேன்.''

பட்ஜெட் பேப்பரைக் காட்டினான். கார் மூன்றரை லட்சம். அப்புறம் சிப், சைலன்ஸர், ஏர் ஃபில்டர், பெரிய வீல்.

''பிரேக்குக்கு எவ்வளவு?''

''கம்பெனி பிரேக்கே போதும் அங்கிள்.''

போதாது. ஓடும் வண்டியின் சக்தி, வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 100-லிருந்து 140-க்குப் போனால் நாற்பது சதவிகிதம்தானே என்று கால் நினைக்கும். பிரேக் விழுங்க வேண்டியதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓ.எம்.ஆரில் ராத்திரி பதினொரு மணிக்கு மாடு குறுக்கே வரும்போது யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

காரைப் பார்க்கப் போனோம். பானெட்டில் கை வைத்தால் சூடு. நாங்கள் வருவது தெரிந்து புரோக்கர் முன்கூட்டியே ஓட்டிவைத்திருந்தார். ஆறட்டும் என்று டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். பிறகு ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தால்... பின்னால் நீலப் புகை. ஆயில் எரிகிறது.

டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். விரட்டி ஓட்டிவந்து டக்கென்று ஆஃப் செய்தால் ஆயில் ஓட்டம் நின்று, அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். ஒரு நிமிஷம் ஐடிலிங்கில் விட்டால் தப்பிக்கலாம். இதற்கு முன் வைத்திருந்த மூன்று பேரில் யாருக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்தது என்று ஆர்.சி. புக்கில் எழுதியிருக்காது. பழைய டர்போ காரில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முந்தைய ஓனரின் வலது காலைத்தான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அதே வருடம் வந்த திருத்தப்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் வழி உண்டு.

''அப்ப வேண்டாங்கறீங்களா?'' முகம் சுருங்கிவிட்டது.

அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. இன்ஜினைத் திறந்து பார்க்க ஒருத்தனுக்கு ஆசை வருவது நல்ல விஷயம். ''இதை விட்டுட்டு வேற பாரு. பேப்பரை மட்டும் மாத்தி எழுது'' என்றேன். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் குழாய், டயர், பிரேக். முதல் வருஷக் காசு மொத்தமும் இவற்றுக்குத்தான். எதிர்வீட்டுக்குக் கேட்காது, பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. வேகம் வேண்டுமா, இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ டிராக்கில் போய் ஓட்டட்டும். அங்கே மாடு வராது. 150 குதிரைகளையும் ஒழுங்காக மேய்க்கத் தெரிந்த பிறகும் போதவில்லை என்றால், மேற்கொண்டு பேசலாம்.