படத்தில் இருந்த பிள்ளை

எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான். அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, கோபுரத்துக்கு என்ன வண்ணம் என்று ராத்திரி பத்து மணிவரை வாதாடியிருக்கிறோம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஐந்து நிமிஷத்தில் முடித்தோம். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண். கல்லூரியில் இரண்டாம் வருஷம். நம்பிப் பழகின பையன் அவளுடைய படத்தை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். இரண்டே நாளில் ஊரில் பாதிப் போன்களில் அந்தப் படம். அவளுடைய அப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “சார், என்ன செய்யணும்னு சொல்லுங்க” என்றார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான் சொன்ன பதில் இது: “பிள்ளையைக் கொஞ்ச நாள் சித்தி வீட்ல விட்டு வையுங்க. எல்லாரும் மறந்துருவாங்க.” கமிட்டியிலும் அதே முடிவு. யார் அனுப்பினது, யார் யார் போனில் இருக்கிறது, அழிக்கச் சொன்னோமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அனுப்பினவன் அடுத்த ஞாயிறும் கோயிலுக்கு வந்தான். பெண்தான் வரவில்லை.

எங்கள் சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மா மட்டும் எங்கள் முடிவுக்குக் கட்டுப்படவில்லை. நாலாவது வாரம் சித்தி ஊருக்கே பஸ் ஏறிப் போய் அவளைக் கூட்டிவந்து, பாடகர் வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு நான் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஆபாசத்தைப் பற்றி நம் சபைகளில் பேசாமல் இல்லை. மலைப்பிரசங்கத்தில் கண்ணைப் பற்றி வருகிற பகுதியை வைத்து எத்தனை கன்வென்ஷன் பிரசங்கங்கள் கேட்டிருப்பேன்! எல்லாமே பார்க்கிறவனுடைய கண், அவனுடைய பாவம், அவனுடைய மீட்பு. படத்தில் இருக்கிறவள் எப்படி அங்கே வந்தாள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

இங்கிலாந்தில் மேரி ஒயிட்ஹவுஸ் என்றொரு பள்ளி ஆசிரியை இருந்தார். தொலைக்காட்சியில் வந்த ஆபாசத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடிய கிறிஸ்தவர். 1971-இல் ‘ஒளி விழா’ என்ற பெயரில் லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் பெரும் கூட்டம் கூடியபோது அதன் முன்வரிசையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். பத்திரிகைகள் அவரைக் கேலி செய்து தள்ளின. சில கேலிகள் நியாயமானவை என்றே எனக்கும் படுகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் தடை செய் என்றால் யார் கேட்பார்கள்? ஆனால் 1977-இல் அவர் குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசப் படங்களுக்கு எதிராக இயக்கம் தொடங்கினார். மறு வருஷமே, 1978-இல், குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2020-இல் லைலா மிக்கல்வைட் என்ற பெண் ஒரு பெரிய ஆபாசத் தளத்துக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை தொடங்கினார். தளத்தின் பெயர் இங்கே வேண்டாம், விளம்பரமாகிவிடும். அப்போது அவர் எக்ஸோடஸ் க்ரை என்ற கிறிஸ்தவ அமைப்பில் இருந்தார். ‘பார்ப்பது பாவம்’ என்று அவர் பேசவில்லை. அங்கே இருக்கும் படங்களில் சிறுமிகளும் வன்கொடுமைக்கு ஆளான பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய சம்மதத்தை யார் சரிபார்த்தது என்று கேட்டார். இருபது லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்திட்டார்கள். டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் எழுதிய கட்டுரையும் வந்தது. ஒரே வாரத்துக்குள் விசாவும் மாஸ்டர்கார்டும் அந்தத் தளத்துக்குப் பணம் போகிற வழியை அடைத்தன. சில நாட்களில் தளமே லட்சக்கணக்கான படங்களை நீக்கியது.

பார்த்துப் பார்த்துச் சிக்கிக்கொண்டவனைக் கைவிடச் சொல்லவில்லை. அவனும் நம் பிள்ளைதான். அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய கவனன்ட் ஐஸ் என்ற செயலி, போனில் ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பதை அவரே தேர்ந்தெடுத்த நண்பருக்குத் தெரிவிக்கும். யோபு 31-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த பெயர். செயலியை விட அந்த நண்பர்தான் முக்கியம். நம் சபையில் ஒரு பையன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்? ஐயரிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு பெயர் சொல்லாத உதாரணமாகப் பிரசங்கத்தில் வந்துவிடுமோ என்று பயப்படுகிறான். அந்தப் பயம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பார்க்கிறவனா, படத்தில் இருக்கிற பிள்ளையா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களிலும் வந்தது. 2024 ஜனவரியில், சென்னையில் ஒரு இளைஞர் மீதிருந்த வழக்கில், குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனிமையில் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ‘குழந்தை ஆபாசம்’ என்ற சொல்லையே இனி நீதிமன்றங்கள் பயன்படுத்த வேண்டாம், அது குழந்தையைச் சுரண்டி வதைத்ததன் பதிவு என்றது. ஒரு சொல்லை மாற்றியதும் நம் பார்வை பார்க்கிறவனை விட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பிவிடுகிறது.

அந்த அப்பா என் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாளிலேயே சட்டம் இருந்தது. சம்மதமில்லாமல் ஒருவருடைய அந்தரங்கப் படத்தைப் பரப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு 2009 முதல் சொல்கிறது. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. இன்றைக்கு வழிகள் கூடியிருக்கின்றன. படம் பரவாமல் தடுக்க இணையதளங்கள் இருக்கின்றன: பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் படம் என்றால் ‘டேக் இட் டவுன்’, அதற்கு மேல் என்றால் ‘ஸ்டாப் என்சிஐஐ’. இரண்டும் இலவசம். படம் போனை விட்டு வெளியே போகாது. அதற்குக் கைரேகை மாதிரி ஓர் எண்வரிசை மட்டும் உருவாகும். சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் இப்படிப்பட்ட படங்களைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு 1098. வாலிபர் ஐக்கியத்திலும் பெண்கள் ஐக்கியச் சங்கத்திலும் ஒரு மாலை இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று. அப்படி ஒரு படம் உங்கள் போனுக்கு வந்தால் “பாருங்கள் அநியாயத்தை” என்று இன்னொருவருக்குத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டவர் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. பரிதாபப்பட்டுத்தான் போட்டார். நாங்கள் பதினோரு பேரும் பார்த்தோம்.