இரும்பும் அமானிதமும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. சரித்திரம் பயின்றோர் அதன் பெயரை அறிவர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் அதனை ஆக்கியதாக வடமொழியில் கல்வெட்டும் பொறித்து வைத்தான்.

"உலோகமே இல்லாமல் என்றால், பாறையைக் குடைந்த உளி எதனால் ஆனது, மாமா?" என்று நம் தங்கை மகன் ஒருநாள் நம்மைக் கேட்டான். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் அக்கேள்விக்குக் கல்வெட்டில் விடை இல்லை. அவன் கேட்ட இடம் அவ்வூரில் அவர்களுக்கு உள்ள தோட்டத்து மாட்டுக் கொட்டகை. அங்கே, மரக்கட்டைகளின்மீது, கதவுகள் கழற்றப்பட்ட ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றுகொண்டிருந்தது. நாம் எழுத எடுத்துக்கொண்டது கோயிலைப் பற்றியன்று. அந்தக் காரைப் பற்றி.

கார் தங்கையின் கணவருக்கு அவருடைய தந்தையார் வழி வந்தது. 1970-ஆம் ஆண்டு வண்டி. மாப்பிள்ளை 2021-ல் வஃபாத்தானார். பிள்ளைகள் மூவர், மூவரும் பருவம் எய்தாதவர்கள். கடன்களைத் தீர்த்தபின், தோட்டம் நீங்கலாக, விலை போகக்கூடிய பொருளாக எஞ்சியது இக்கார் ஒன்றே. மாப்பிள்ளையின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டமையால், ஷரீஅத்தின்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு போக மற்ற ஏழு பங்கும் பிள்ளைகளுக்கு உரியவை. அதாவது அந்தத் தகரமும் இருக்கையும் சக்கரமும் பெரும்பாலும் எத்தீம்களின் சொத்து. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கலந்து பேசி, அதனை விற்றுத் தரும் பொறுப்பை நம்மிடம் விட்டார்கள். பொறுப்பு என்பதைவிட அமானிதம் என்பதே பொருந்தும்.

இக்காரைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டி இது. உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். காரின் உடல் முழுவதையும் ஒரே கூடாக அடித்துத் தரக்கூடிய ஆலை அந்தக் கம்பெனிக்கு அப்போது வாய்க்கவில்லை. ஆகவே அடிச்சட்டத்தைத் தனியே செய்து, உடலைப் பகுதி பகுதியாகப் பல இடங்களில் செய்வித்து, போல்ட்டுகளால் பூட்டினார்கள். முன் மட்கார்டுகள் இரண்டும் பானெட்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். உள்ளே இயந்திரம் முழுவதும் சபையில் வைத்ததுபோல் தெரியும். நம் நாட்டில் 1961 முதல், சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் இவ்வண்டி உருவாயிற்று. திண்டிவனம் வழியே சென்னைக்குச் செல்லும் அதே பெருஞ்சாலைமேல்தான் அவ்வாலை இருந்தது. நான்கு கதவுள்ள ஹெரால்டு நம் நாட்டிலே மட்டும் செய்யப்பட்டது. நம் கொட்டகையில் நின்றதும் அதுவே. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்றது. 1980களின் இறுதியில் ஆலையும் மூடப்பட்டது. உதிரித் தகடு கேட்டுக் கடைக்குப் போவதென்பது அத்துடன் முடிந்தது. ஆயினும் பிரிவினால் பிறந்த அந்த அமைப்பு நமக்குப் பேருதவியாயிற்று. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் ஒரு வீட்டுக் கொட்டகையிலேயே இவ்வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடலாம்.

பிரித்தபோதுதான் நிலைமை தெரிந்தது. இயந்திரம் ஓடியது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உடலிலே துரு. கதவுகளின் அடிப்பகுதி, பின் சக்கர வளைவுகள், டிக்கியின் தரை, பாட்டரி வைக்கும் தட்டு ஆகிய இடங்களில் விரலால் அழுத்தினால் தகடு பொடிந்தது. கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. மண் சேர்ந்து அவை அடைபட்டால் நீர் உள்ளேயே தங்கும். இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கொள்கிறது. ஆகையால் இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடத்தில் துரு புகுந்தால், உள்ளிருந்தே அவற்றைப் பிளந்துவிடும்.

பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்தார். "பத்து நாளில் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடலாம், பாய். புதுப்பெண் மாதிரி இருக்கும். வாங்குகிறவர் காந்தம் வைத்தா பார்க்கப் போகிறார்?" என்றார். அவர் சொன்ன விலை, நாம் எதிர்பார்த்ததற்கு மேலாகவே இருந்தது. பட்டி என்பது ஓட்டையையும் ஒடுக்கையும் நிரப்பித் தேய்த்து வழவழப்பாக்கும் சாந்து என்பதை வாசகர் அறிவர். மெல்லிய பூச்சாக, நல்ல தகட்டின்மேல் இட்டால் அதில் குற்றமில்லை. துருவின்மேல் கனமாக அப்பினால், பெயிண்டில் விழும் ஒரு சிறு விரிசல் வழியே நீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். அடுத்த ஆண்டு பாளமாக விழும்.

சந்தையிலே ஒரு தானியக் குவியலைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதனுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் தட்டியதையும், மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறியபோது, மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டதையும், ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று உரைத்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் நாம் படிக்கிறோம். நனைந்த தானியத்தின்மேல் பரப்பிய உலர்ந்த தானியம்தான் துருவின்மேல் அப்பிய பட்டி. இதில் ஐயம் இல்லை. நமக்குச் சொந்தமான காராயிருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும்.

ஆனால் கார் நமதன்று. குறையைச் சொல்லி விற்று நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ குறைந்தால், அந்த நட்டம் எத்தீம்களின் தலையில் விழுகிறது. எத்தீம்களின் பொருளை அணுகும் விதம் பற்றித் திருமறை எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. நம் மனச்சாட்சியின் சுத்தத்துக்குப் பிள்ளைகளின் பணத்தைச் செலவிட நமக்கு என்ன உரிமை? மூன்று இரவுகள் இக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. ஜும்ஆவுக்குப் பின் ஹஜ்ரத் அவர்களிடம் வைத்தோம். அவர்கள் கிதாபு எதையும் புரட்டவில்லை. "மறைத்து வாங்கும் அந்த நாற்பதாயிரம் வாங்குகிறவருடைய பணமல்லவா? அது எப்போது பிள்ளைகளின் பணமாயிற்று, நட்டமாவதற்கு?" என்று கேட்டார்கள். பிறகு, "உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?" என்றும் கேட்டார்கள்.

அந்த இரண்டாவது கேள்வியே நம்மைக் கொட்டகைக்கு அனுப்பியது. விலை குறையாமலிருக்க வேண்டுமானால் குறையே இல்லாமல் செய்ய வேண்டும். கூலிக்கு டிங்கரை அமர்த்தினால் எத்தீம்களின் பணம் கரையும். வசதியுள்ள பாதுகாவலர் அப்பொருளிலிருந்து எதுவும் எடாமல் தவிர்ந்துகொள்ளட்டும் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் கட்டளை. பணி ஓய்வு பெற்ற நமக்கு நேரம் இருந்தது. இளமையில் ஒரு பட்டறையில் நான்காண்டு சுத்தியல் பிடித்த பழக்கமும் இருந்தது. கருவிகள்தாம் இல்லை. கடையில் வாங்கினால் அதுவும் செலவு. ஆகவே செய்துகொண்டோம்.

தகட்டை உள்ளே தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டியை டிங்கர்கள் டாலி என்பார்கள். லாரி ஆக்ஸில் ஒன்றின் முறிந்த துண்டை லேத்தில் கொடுத்து மூன்றாக வெட்டி, ஒன்றைத் தட்டையாகவும், ஒன்றைக் குவிந்தும், ஒன்றை விளிம்பு வைத்தும் தேய்த்துக்கொண்டோம். ரயில் தண்டவாளத் துண்டு பட்டறைக் கல்லுக்கு மிகவும் ஏற்றது. பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடந்தது. ஆனால் அது ரயில்வேயிடமிருந்து எவ்வழியாக அங்கே வந்ததென்று கடைக்காரராலும் சொல்ல முடியவில்லை. ரயில்வேப் பொருளை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஹலாலுக்காகச் செய்யும் வேலைக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டு, டிராக்டர் ஆக்ஸில் ஒன்றைக் கட்டையில் பதித்துக்கொண்டோம். லாரியின் வில் பட்டையை வெட்டி வளைத்து, அகலமாகத் தட்டும் கருவியாக்கினோம். சுத்தியல் ஒரு புள்ளியில் அடிக்கும் அடியை இது பரப்பி அடிக்கும், தகடு நீளாது. புளியமரத்தில் கொட்டாப்புளி ஒன்று கடைந்தோம். இரண்டு ஆங்கிள் இரும்புகளைக் கதவுக் கீல்களால் பிணைத்துத் தகடு மடிக்கும் பொறியாக்கினோம். உடைந்த ரேடியோ ஒலிபெருக்கியின் காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டோம். பட்டி தடித்திருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது.

எல்லாவற்றிலும் சிறந்தது இறைச்சிக் கடையிலிருந்து வந்தது. ஆண்டுக்கணக்கில் வெட்டுக்கத்தி விழுந்து நடுவே குழிந்துபோன புளியங்கட்டை ஒன்றை, அடுப்புக்குப் போடவிருந்த கடைக்காரர் நமக்கு இனாமாகத் தந்தார். தகட்டை வளைக்க இதைவிட நல்ல குழியை எந்தத் தச்சராலும் செதுக்க முடியாது. அதன்மேல் தகட்டை வைத்து, கொட்டாப்புளியால் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்டிக்கொண்டே வந்தால், பின் சக்கர வளைவின் உருவம் தானே பிறக்கிறது. தகடும் புதிதன்று. பழைய எஃகு பீரோக்களின் கதவை எடைக்கு வாங்கினோம். பீரோக் கதவு ஏறக்குறைய 20 கேஜ் கனம், காருக்குப் பொருத்தமானது.

கதவின் அடியில் நான்கு அங்குலம் வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து, விளிம்பை உட்சட்டத்தின்மேல் மடித்து அடித்தோம். நான்கு கதவுக்கும் ஒரு மாதம் ஆயிற்று. வெல்டிங் வேலை மட்டும் நமக்குப் பழக்கமில்லை. விக்கிரவாண்டியிலிருந்து ஒருவர் சிலிண்டருடன் வந்து நான்கு நாள் செய்து தந்தார். அவர் வந்த நாள்களில்தான் சுருக்கும் வேலையும் நடந்தது. அடிபட்ட தகடு நீண்டு, அழுத்தினால் டப்பா மூடிபோல் டக்கென்று உள்வாங்கி வெளிவரும். அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சுற்றிலும் குளிர்ந்த தகடு நெருக்குவதால் காய்ந்த இடம் பக்கவாட்டில் விரிய வழியின்றிப் புடைக்கும். உடனே கீழே டாலி கொடுத்து மெல்லத் தட்டி, ஈரத்துணியை வைத்தால், தடித்த அந்த இடம் குளிர்ந்து சுற்றுத் தகட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்ததாக இறைவன் திருமறையில் கூறுகிறான். அது நபிக்கு அருளிய முஃஜிஸா. நம் போன்றோருக்கு நெருப்பும் ஈரத்துணியும்.

மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். மெல்லிய துணி ஒன்றைத் தகட்டின்மேல் விரித்து உள்ளங்கையால் தடவ வேண்டும். நாம் சரியென்று விட்ட இடத்தில் தங்கை ஒருநாள் கைவைத்து, "அண்ணே, இங்கே பள்ளமா இருக்கே" என்றாள். இருந்தது. அதன்பின் ஒவ்வொரு பகுதியையும் அவள் தடவிப் பார்த்துச் சம்மதித்தாலன்றி அடுத்ததற்குப் போகவில்லை.

பின் வளைவின் இணைப்புகளுக்குப் பட்டி வேண்டாமென்று முடிவு செய்தோம். பட்டி வருமுன் கார் ஆலைகளிலேயே இணைப்புகளை ஈயத்தால்தான் நிரப்பினார்கள். கல்யாண வீடுகளின் தேக்சாக்களுக்கு ஈயம் பூசிவந்த பெரியவர் ஒருவர் நம் பகுதியில் இருக்கிறார். எவர்சில்வர் வந்தபின் அவருக்கு வேலை அருகிவிட்டது. அவரை அழைத்து வந்தோம். பாத்திரத்துக்கு வெள்ளீயம் மட்டும். இங்கே வெள்ளீயம் மூன்று பங்கும் காரீயம் ஏழு பங்குமான கலவை. அது உருகி ஓடுவதற்கு முன், கெட்டித் தயிர்போல் நிற்கும் ஒரு பதம் உண்டு. கொழுப்புத் தடவிய மரக்கரண்டியால் அந்தப் பதத்தில் அதைப் பரப்ப வேண்டும். நவச்சாரம் தூவித் தகட்டைத் துடைக்கும் அவருடைய கைவேகத்தைக் கண்டு வெல்டரே எழுந்து வந்து நின்றார். காரீயம் நஞ்சாதலால் இவ்வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொண்டோம். இழைத்த தூளை ஈரத்தாளில் வாரிப் புதைத்தோம். பிள்ளைகளை அன்றெல்லாம் கொட்டகைப் பக்கம் விடவில்லை.

டிக்கியின் தரையை மட்டும் முழுதாக மாற்ற இயலவில்லை. அதன் மடிப்புகள் ஆலை அச்சில் அழுத்தியவை, கையால் வராது. கெட்ட இடங்களை வெட்டி ஒட்டுப் போட்டோம்; ஒட்டுகள் தெரியும்படியே விட்டோம். சிவப்பு ஆக்சைடு பூசி, பெயிண்டருக்குக் கூலி கொடுத்து வெண்ணிறம் அடித்து முடிக்க ஏழு மாதம் சென்றது. எத்தீம்களின் பணத்தில் செலவானது தகடு, காஸ், பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய்.

வெட்டியெடுத்த துருத் துண்டுகளை எறியாமல், எந்த இடத்தது என்று சுண்ணக்கட்டியால் எழுதி ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தோம். கார் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் அந்தச் சாக்கையே அவிழ்த்துக் காட்டினோம். முதலில் வந்த இளைஞர் துண்டுகளைக் கண்டதும் முகம் மாறினார். பிறகு போன் செய்வதாகச் சொல்லிப் போனார், செய்யவில்லை. அடுத்து வந்த இருவரும் அப்படியே. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான்காவதாக வந்தவர் ஒரு மருந்துக்கடை முதலாளி. ஐம்பது ஆண்டு கடந்த, மூல உருவம் மாறாத வண்டிகளுக்கென மத்திய அரசு 2021-ல் வகுத்த தனிப் பதிவு விதிகளின்கீழ் ஹெரால்டு ஒன்றைப் பதிந்து வைத்துக்கொள்ள விரும்பினார். அடிச்சட்டத்திலும் உடலிலும் பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அவ்விதி. ஆகையால் எதை மாற்றினோம் என்பது அவருக்கு மிகவும் வேண்டிய செய்தி. சாக்கைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்தார். தாம் கொண்டுவந்த காந்தத்தை ஈயம் பூசிய இணைப்பில் வைத்து, "இங்கே பிடிக்கவில்லையே" என்றார். ஈயம் என்று சொல்லி, பெயிண்டருக்கு முன் எடுத்த படத்தைக் காட்டினோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. டிக்கித் தரையின் ஒட்டுகளுக்காக 15,000 குறைத்துக் கேட்டார். தங்கையைப் பார்த்தோம், அவள் தலையசைத்தாள். 2,35,000 ரூபாய்க்கு முடிந்தது. செலவு போக எட்டில் ஒரு பங்கைத் தங்கையிடமும், மற்றதைப் பிள்ளைகளின் பெயரில் வங்கியிலும் சேர்த்தோம். துருத் துண்டுச் சாக்கைத் தமக்கே தந்துவிடும்படி அவர் கேட்டதால், அதையும் டிக்கியில் ஏற்றிக் கொடுத்தோம்.