வெள்ளை இரும்பு

இரும்பு என்ன நிறம் என்று கேட்டால் எல்லோரும் "கறுப்பு" என்றுதான் சொல்வோம். கொஞ்சம் யோசிப்பவர்கள் "பழுக்கக் காய்ச்சினால் சிவப்பு" என்பார்கள். நான் சொல்கிறேன், இரும்பு வெள்ளை! வெறும் கண்ணால் பார்க்க முடியாத வெள்ளை. 2025 ஆகஸ்டு மாதம் நம் பள்ளி +1 அறிவியல் பிரிவு மாணவ மாணவிகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஓர் உருக்காலைக்குப் போனபோது அதைப் பார்த்தேன்.

எங்க அப்பா அந்த ஆலையில்தான் வேலை பார்க்கிறார். உலைக்குப் பக்கத்திலேயே நிற்கிற வேலை. மெல்டர் என்று பெயர். அப்பா நைட் ஷிஃப்ட் போனால் அம்மா சரியாகத் தூங்க மாட்டாங்க. விடியற்காலையில் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் முகம் தெளியும். "ஏம்மா இவ்வளவு பயம்?" என்று கேட்டால், "அது நெருப்பு வேலைடி" என்று மட்டும் சொல்வாங்க. அந்த நெருப்பு எப்படி இருக்கும் என்று அம்மாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

ஆனால் பாருங்கள், அந்த உலைக்கு அடியில் நெருப்பே கிடையாது! விறகு இல்லை, கரி இல்லை. எல்லாம் மின்சாரம். நம் இயற்பியல் பாடத்தில் வரும் மின்காந்தத் தூண்டல்தான். உலையைச் சுற்றிச் செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றியிருக்கிறார்கள். அதில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால் உள்ளே கிடக்கும் இரும்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, இரும்பு தானே சூடாகி உருகிவிடுகிறது. சில வீடுகளில் இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பும் இதே தத்துவம்தான்.

இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்பு 1085 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியானால் சுருள் ஏன் உருகவில்லை? அந்தக் குழாய்க்குள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. உருகிய இரும்புக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது, வெப்பம் தாங்கும் பொடியை இடித்து இறுக்கிச் செய்த ஒரு சுவர்தான். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உலைக்குள் போடுவது என்ன தெரியுமா? நாம் காயலான் கடையில் போடுகிற பழைய இரும்புதான். சைக்கிள் ரிம், ஜன்னல் கம்பி, உடைந்த கட்டில், தகர டப்பா எல்லாம் மலை மாதிரி குவிந்து கிடந்தது. ஒருவர் அதைக் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈரமும், மூடி திறக்காத டப்பாவும்தான் எமன் என்றார். தண்ணீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் விரியும். உருகிய இரும்புக்கு அடியில் அந்த ஆவி மாட்டிக்கொண்டால் குண்டு மாதிரி வெடித்துவிடும். எங்க வீட்டில் அப்பா எந்த டப்பாவைத் தூக்கிப் போடுவதானாலும் மூடியைத் திறந்து, கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போடுவார். அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மணி அடித்தது. எல்லோரும் தள்ளிப் போய்விட்டார்கள். எங்களைத் தூரத்தில், உயரமான மேடையில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார்கள். உலை மெதுவாகச் சாய்ந்தது. ஏற்கெனவே சூடுபடுத்தி வைத்திருந்த பெரிய கலத்துக்குள் உருக்கு இறங்கியது. பாகு மாதிரி கெட்டியாக வரும் என்று நினைத்தேன். இல்லை, தண்ணீர் மாதிரி சரசரவென்று ஓடுகிறது. ஆனால் அதே அளவு தண்ணீரைப் போல சுமார் 7 மடங்கு எடை! சுற்றிலும் மத்தாப்பூப் பொறி. சிறு சிறு துளிகள் காற்றில் எரிவதால் வருவது அது. அவ்வளவு தூரத்திலும் முகத்தில் அனல் அடித்தது. சுமார் 1600 டிகிரி ஆயிற்றே!

அப்போது அப்பாவைப் பார்த்தேன். தலையில் ஹெல்மெட், கண்ணுக்கு நீலக் கண்ணாடி. சத்தத்தில் பேச முடியாது. கையைத்தான் காட்டினார். கொஞ்சம் சாய், போதும், நிறுத்து. நான் வந்திருப்பது அவருக்குத் தெரியும். கையை ஆட்டிக்கூடப் பார்த்தேன். ஆனால் ஊற்றி முடிக்கும் வரை ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவர் கண் அந்த வெள்ளை ஓட்டத்தை விட்டு அசையவே இல்லை. கலத்தைக் கிரேன் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கண்ணாடியை உயர்த்தி மேடையைப் பார்த்துச் சிரித்தார். "உங்க அப்பாவாடி?" என்று தோழிகள் கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினேன். பேச்சு வரவில்லை.

பிறகு அந்த உருக்கு, தண்ணீரால் குளிர்விக்கும் செப்பு அச்சு வழியாக இறங்கி, சதுரக் கட்டையாக வெளியே வந்தது. வெள்ளை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பாகி, கடைசியில் நமக்குத் தெரிந்த கறுப்பாகிறது. அதை மறுபடி உருட்டிக் கம்பியாக்கும்போது தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். மேல்புறம் கடினமாகவும் உள்புறம் வளைந்து கொடுப்பதாகவும் ஆவது அதனால்தான். உருகியபோது எதிரியாக இருந்த தண்ணீர், கெட்டியான பிறகு நண்பன்!

திரும்பி வரும்போது எங்கள் ஆசிரியர் ஒன்று சொன்னார். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அன்று வெப்பமானி ஏது? கண்ணால் நிறத்தைப் பார்த்துத்தான் பதம் சொல்லியிருப்பார்கள். இன்று கருவி இருக்கிறது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கிற கண்ணுக்கு ஓய்வில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எனக்கும் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதை நம்ப வேண்டும் என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரியும். "அந்தக் கண்ணை நம்பலாம்டி" என்றாங்க அம்மா.

நண்பர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழைய டப்பாவைக் காயலான் கடையில் போடும்போது, மூடியைத் திறந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். அது போய்ச் சேரும் இடத்தில் யாரோ ஒருவருடைய அப்பா நின்றுகொண்டிருப்பார்.

– +1 'அ' பிரிவு மாணவி