கனத்த நகமுடைய விலங்கு

சென்ற கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து வெளிவந்தபோது ஒரு சிறுவன் என்னை வழிமறித்தான். 2018-ல் வெளிவந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ வரிசைப் படத்தைப் பார்த்திருக்கிறான். மரபணுக்களைக் கொண்டு மனிதர் மீண்டும் உருவாக்கித் தீவொன்றில் அடைத்துவைத்த விலங்குகளுள் ‘பேரியோனிக்ஸ்’ என்னும் டைனோசரும் அதில் வருகிறது. “சுவாமி, இது மெய்யாகவே இருந்ததா? இனி உண்டாக்க முடியுமா?” என்றான்.

இருந்தது என்றேன். 1983 ஜனவரியில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள களிமண் குழி ஒன்றில் வில்லியம் வாக்கர் என்பவர் ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள நகமொன்றைக் கண்டெடுத்தார். அவர் அறிஞரல்லர், குழாய் வேலை செய்து பிழைத்தவர். பின்னர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் எலும்புக்கூட்டின் பெரும்பகுதியைத் தோண்டியெடுத்தனர். 1986-ல் ஆலன் சாரிக், ஆஞ்சலா மில்னர் இருவரும் அதற்குக் ‘கனத்த நகம்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரிட்டு, வாக்கரின் பெயரையும் அதனோடு இணைத்தனர். முதலைக்கு இருப்பதுபோல் நீண்டு குறுகிய வாய். விலா எலும்புகளினூடே, வயிற்று அமிலம் அரித்த மீன் செதில்கள்! பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் உண்ட உணவன்றோ அது? வெள்ளிக்கிழமை ஒறுத்தலை அனுசரித்த விலங்கென்று எண்ணிவிட வேண்டாம். இளம் இகுவானோடான் ஒன்றின் எலும்புகளும் உடன் கிடந்தன.

உண்டாக்க முடியாது என்பதையும் விளக்கினேன். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவாப் பறவையின் எலும்புகளை ஆராய்ந்தோர், அவற்றிலுள்ள டி.என்.ஏ. 521 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகச் சிதைகிறதென 2012-ல் கணக்கிட்டனர். கடுங்குளிரில் கிடந்தாலும் 68 இலட்சம் ஆண்டுகளில் யாவும் சிதைந்துவிடுமாம். கோடிகளுக்கு எங்கே போவது? நன்றாகவே விடை சொல்லிவிட்டதாக எனக்குள் சிறு பெருமிதம்.

சிறுவனோ, “முடிந்தாலும் அதற்கு அம்மா இருக்காதே, சுவாமி? மீன் பிடிக்க யார் பழக்குவார்?” என்றான்.

எனக்கு உடனே ஸ்பெயின் நாட்டுக் குட்டியொன்று நினைவுக்கு வந்தது. பிரனீஸ் மலையில் வாழ்ந்த ‘புகார்தோ’ என்னும் காட்டாட்டினத்தின் கடைசிப் பெண்ணாடு 2000 ஜனவரியில் இறந்தது. முந்திய ஆண்டே அதனிடமிருந்து எடுத்து உறைகுளிரில் காத்த உயிரணுக்களைக் கொண்டு, 2003-ல் வேறோர் ஆட்டின் வயிற்றில் ஒரு குட்டியைப் பிறப்பித்தனர். நுரையீரல் கோளாற்றினால் மூச்சுத் திணறி, சில நிமிடங்களிலேயே அது மடிந்தது. ஓரினம் இருமுறை அழிந்தது அன்றுதான். அக்குட்டி பிழைத்திருந்தாலும் அதற்கோர் இணை உலகில் எங்குமில்லை. செய்தவர்களின் திறமையை நான் குறைகூறவில்லை. ஆயினும், அந்தச் சில நிமிடங்களுக்கு எவர் பொறுப்பாளி என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

இதையெல்லாம் சிறுவனிடம் சொல்ல மனம் வரவில்லை. “முதலைக் குஞ்சுகள் தாமே இரை பிடிக்கின்றன அல்லவா? இதுவும் பிடித்துக்கொள்ளும்” என்று சமாளித்தேன்.

“தொட்டிக்குள்ளேயா, சுவாமி?” என்று கேட்டு, விடைக்காக நின்றான்.