பசிக்கு வராத விலங்கு



ஆற்றில் அணை கட்டும் பீவரை அதன் ரோமத்துக்காகப் பொறிவைத்துப் பிடித்த காலம். அமெரிக்காவின் மேற்குக் கோடியில் முகாமிட்டிருந்த மெரிவெதர் லூயிஸ், 1806 ஜனவரியில் அதற்கான இரையின் செய்முறையை நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

பீவரின் வாலடியில் உள்ள வாசனைப் பையைப் பிதுக்கி எடுத்து, அரை ஜாதிக்காய், கிராம்பு, பட்டை பொடித்துப் போட்டு, சாராயம் விட்டு, அரைத்த கடுகு பதத்துக்குக் குழைக்க வேண்டும். புட்டியில் இறுக மூடி வைக்க வேண்டும். குச்சி நுனியில் அதைத் தோய்த்துப் பொறிக்கு மேலே நட்டால் பீவர் வந்துவிடும்.

பசிக்காக அது வருவதில்லை. தன் எல்லைக்குள் வேறொரு பீவர் நுழைந்துவிட்டதோ என்று பார்க்க வருகிறது. வீட்டின் மேலுள்ள அக்கறையே அதைச் சிக்கவைக்கிறது.

"உங்கள் மகனுக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்கள்" என்று யாராவது போன் செய்தால், முதலில் மகனைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.